மெர்சி சேர்த்த ஆறாம் அத்தியாயம்

மெர்சி மோட்டாரில் ஆராய்ச்சி செய்கிறாள் என்றுதான் மதுக்கரையில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவளுடைய அம்மா பழனியாத்தாளே குழாயடியில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். கோயமுத்தூர்ப் பக்கம் மோட்டார் என்றால் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது. வேறு அர்த்தம் கிடையாது. 1996-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த சேலையைக்கூட அவள் இன்னும் மாற்றவில்லை, அதற்குள் மூன்றாவது வீட்டுச் சென்னியப்பன் எரிந்துபோன மோட்டார்க் காயிலைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க அம்மணி, மாசத்துக்கு ரெண்டு தடவ இது பொகஞ்சுபோகுது. பட்டறைக்காரன் ஓல்டேஜுங்கறான். நீங்க இதுலயே டாக்டருக்குப் படிக்கறீங்களாமா. ஒருக்கா பாத்துச் சொல்லிப்போடுங்க.”

மெர்சி காயிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும்தான் கருகியிருந்தது. மூன்று கம்பியில் ஒன்றில் கரண்ட் சரியாக வருவதில்லை, மின்வாரியத்தில் சொல்லுங்கள் என்றாள். பிறகு, “ஆனா நான் படிக்கற மோட்டாரு இது இல்லீங்க. அது கண்ணுக்கே தெரியாது. நம்ம ஒடம்புக்குள்ள ஓடறது” என்றும் சொன்னாள்.

“ஒடம்புக்குள்ளயுமா?” சென்னியப்பன் சாக்கை மடித்துக்கொண்டே கேட்டார். “அதுக்கு யாருங்க காயில் கட்டறது?”

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மெர்சியும் சிரிக்கவில்லை. அவளுடைய கேள்வியும் கிட்டத்தட்ட அதுவாகத்தான் இருந்தது.

அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். அப்பா மாரப்பனும் அம்மாவும் தொண்டாமுத்தூர்ப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர்கள். மெர்சி பிறக்கும் முன்பே மதுக்கரைக்கு வந்துவிட்டார்கள். மாரப்பன் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலைக்குப் போனார். இருவரும் ஞானஸ்நானம் வாங்கினார்கள், பழைய பெயர்களை மட்டும் விடவில்லை. மகளுக்கு மெர்சி என்று பெயர் வைத்து மிஷன் பள்ளியில் போட்டார்கள். அவள் எம்.எஸ்ஸி. முடித்த வருஷம் மாரப்பன் இறந்துபோனார். சிமெண்ட் ஆலையில் லாரிகளுக்கு லோடு ஏற்றும் இடத்தில் மேஸ்திரியாக இருந்த தமிழ்வேந்தனைக் கல்யாணம் செய்துகொண்டாள். தினமும் இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போனாள், வந்தாள். வாழ்க்கை அப்படியே ஓடியிருக்கும்.

1995 கோடை விடுமுறையில் கல்லூரி ஆசிரியர்களுக்கென்று பெங்களூரில் இருபத்தோரு நாள் புத்தாக்கப் பயிற்சி வைத்தார்கள். பதவி உயர்வுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதால் எல்லோரும் போனார்கள், மெர்சியும் போனாள். பதினேழாம் நாள் மதியம், சாப்பாட்டு மயக்கத்தில் பாதிப்பேர் தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது, ஓர் உயிரியல் பேராசிரியர் டி.வி. பெட்டியில் ஒரு வீடியோ போட்டார். கணவாய் மீனின் நரம்புக்குள் நடப்பதை நுண்ணோக்கி வழியாக எடுத்த படம். சாம்பல் நிறப் பின்னணியில் கோடு மாதிரி ஒரு நுண்குழல். அதன்மேல் புள்ளிகள் நகர்ந்தன. சில வலப்பக்கம் போயின, சில இடப்பக்கம். ஒரு புள்ளி வலப்பக்கம் கொஞ்ச தூரம் போய் நின்றது. பிறகு வந்த வழியே திரும்பியது. மறுபடி நின்று, மறுபடி வலப்பக்கம் போனது.

“அது ஏன் சார் திரும்புச்சு?” என்று மெர்சி கேட்டாள்.

அவர் விளக்கினார். அந்தப் புள்ளி ஒரு சின்னப் பை, செல்லுக்குள் போகிற சரக்கு. அதை இழுப்பவை மூலக்கூறு மோட்டார்கள். குழலைப் பிடித்துப் பிடித்து அடி வைத்து நடக்கும் புரதங்கள். ஓர் அடியின் நீளம், ஒரு மில்லிமீட்டரை லட்சத்து இருபத்தையாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. கைனசின் என்ற வகை நரம்பின் நுனியைப் பார்த்து மட்டும் போகும். டைனின் என்ற வகை செல்லின் நடுவைப் பார்த்து மட்டும் வரும். ஒரே சரக்கின்மேல் இரண்டும் ஒட்டியிருக்கின்றன. எது எப்போது வேலை செய்ய வேண்டும் என்று எதுவோ ஒன்று முடிவு செய்கிறது, அது எது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

“எதுவுமே முடிவு செய்யலைன்னா?”

“அப்போது இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சரக்கு நின்ற இடத்திலேயே நிற்கும்” என்றார் அவர்.

சரியாகத்தான் தோன்றியது. ஆனால் மெர்சிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, எனக்குத் தெரிந்து இல்லை என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் பேராசிரியர் தம்பிதுரையிடம் போனாள். அவர் உலோக மெல்லிய படலங்களில் பேர் வாங்கியவர். மாணவர்களை ஏமாற்றமாட்டார் என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் எழுதிக் கொண்டுபோன நான்கு பக்கத்தைப் படித்துவிட்டு, “எந்த ஊருங்க?” என்றார்.

“மதுக்கரைங்க சார்.”

“பூர்வீகமே அதுதானுங்களா?”

“தொண்டாமுத்தூருங்க.”

அவருடைய தென்னந்தோப்பும் தொண்டாமுத்தூரில்தான் இருந்தது. “ஓ” என்று சொல்லிக் காகிதத்தை மேசைமேல் நேராக அடுக்கி வைத்தார். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளிடம் பேசிய எந்த வாக்கியத்திலும் ஒரு ‘ங்க’ குறைந்ததில்லை. மெர்சியும் குறைத்ததில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மரியாதை ஒரு மேசைபோல எப்போதும் கிடந்தது.

கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. அதனால் உக்கடத்தில் அக்பர் அலி நடத்திய கம்ப்யூட்டர் சென்டரைத் தேடிப் போனாள். அங்கே டைப்பிங்கும் லோட்டஸ் என்ற கணக்கு மென்பொருளும் சொல்லிக்கொடுத்தார்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை ஆள் வராத நேரம், அதில் ஓரத்து மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அக்பர் அலி. கல்லூரியில் காலை வகுப்புகளையே கேட்டு வாங்கிக்கொண்டாள். பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் புத்தகம் வைத்துத் தானே படித்து, அந்தக் கணக்கைப் போட ஒரு நிரல் எழுதினாள். நுனியைப் பார்த்து இழுக்க நான்கு மோட்டார், நடுவைப் பார்த்து இழுக்க நான்கு. ஒவ்வொன்றும் எப்போது குழலைப் பிடிக்கும், எப்போது விடும் என்பதைத் தற்செயல் எண்கள் தீர்மானிக்கும். யாரும் யாருக்கும் கட்டளையிடுவதில்லை.

மெஷின் நாற்பது நிமிஷம் ஓடிமுடிந்து பிரிண்டர் கீறிக் கீறி ஒரு தாளைத் தள்ளியது. சரக்கு ஓர் இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. எண்களை மாற்றிப் பார்த்தாள். மாசக்கணக்கில் மாற்றிப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் அதே நேர்கோடுதான்.

1997 மார்ச்சில் தம்பிதுரை அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தார்.

“அந்த பெங்களூர்க்காரரு சொன்னதேதானுங்க வந்திருக்குது. இதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க. ஆனா தீசிஸும் இல்லீங்க. என்ற லேப்ல படலத்து ரீடிங் நெறையக் கெடக்குது. அத எடுத்துட்டு ஒண்ணரை வருசத்துல முடிச்சுப்போடலாமுங்க.”

அது நியாயமான யோசனை. அவளுக்கும் தெரிந்தது.

“ஜூன் வரைக்கும் டயம் குடுங்க சார். அதுக்கும் வரலைன்னா படலத்துக்கு வந்தர்றேனுங்க.”

ஏப்ரலில் ஒருநாள் காலை, ஷிஃப்ட் முடிந்து வந்த தமிழ்வேந்தன் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கயிறு அறுத்த தடம் சிவந்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஆலைக்கு வந்த ஒரு பெரிய கியர்பெட்டியை லாரியிலிருந்து சாய்ப்பலகை வழியாகக் கயிறு கட்டி இறக்கியிருக்கிறார்கள். எட்டுப்பேர் பிடித்திருந்தார்கள். பாதியில் கைநழுவிக் கீழே போய்விட்டது. யாருக்கும் அடியில்லை.

“எட்டுப்பேர் புடிச்சும் எப்புடீங்க நழுவுச்சு?”

“ஒருத்தன் கை வேர்த்து வழுக்கிருச்சு அம்மணி. மீதி ஏழுபேர் தாங்கித்தான் நின்னோம். கொஞ்சம் பொறுத்து இன்னொருத்தன் உட்டான். அவ்வளவுதான், அப்பறம் மளமளன்னு எல்லாத்து கையும் உட்டுப்போச்சு.”

மெர்சி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். “மளமளன்னா? எல்லாரும் ஒண்ணா உட்டீங்களா, ஒருத்தருக்குப் பொறவு ஒருத்தரா?”

“ஒருத்தருக்குப் பொறவு ஒருத்தர்தான். ஆனா வரவர சீக்கிரம். எட்டுப்பேர் பாரம் ஆறுபேர் மேல, அப்பறம் நாலுபேர் மேல. கடேசி ஆளு எத்தன நேரம் புடிப்பான்?”

“மொதல் ஆளு உட்டதுக்கும் ரெண்டாவது ஆளுக்கும் எத்தன நேரம் இருக்கும்?”

“கியர்பெட்டி போயிருச்சேன்னு நானே மேனேஜருக்கு என்ன பதில் சொல்றதுன்னு உக்காந்திருக்கறேன். நீ வாட்ச்ச புடிச்சயான்னு கேக்கற” என்றான் தமிழ்வேந்தன். ஆனாலும் யோசித்துச் சொன்னான். முதல் இரண்டுக்கும் நடுவில் பத்து நொடி இருக்கும். கடைசி நாலு பேருக்கும் சேர்த்து ஒரு நொடிகூட இல்லை.

அவளுடைய நிரலில் ஒரு மோட்டார் பிடியை விடுவதற்கான வாய்ப்பு, பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே எண்ணாக இருந்தது. நிஜத்தில் பாரம் ஏற ஏற பிடி சீக்கிரம் விட வேண்டும். ஒன்று விட்டால் மீதியின்மேல் பாரம் கூட வேண்டும். பௌதிகம் படித்த அவளுக்கு இது தெரியாத விஷயமில்லை. கணக்கை எளிதாக்க ஒதுக்கி வைத்திருந்தாள். எளிதாக்கியபோது விஷயத்தையே வெளியே தள்ளிவிட்டாள்.

மறுநாள் மதியம் பதினொரு வரிகளை மாற்றினாள். அன்றைக்குக் கரண்ட் இரண்டு தடவை போனதால் ஓட்டம் பாதியில் நின்றது. அதற்கு மறுநாள் ஓடிமுடிந்தது. பிரிண்டரிலிருந்து வந்த கோடு நேராக இல்லை. மேலே நெடுந்தூரம் ஏறி, சற்று நின்று, கீழே நெடுந்தூரம் இறங்கி, மறுபடி ஏறியது. ஒரு பக்கத்தில் தற்செயலாக ஒரு மோட்டார் விட்டதும் அந்தப் பக்கம் முழுக்கச் சரிந்துவிடுகிறது. ஜெயித்த பக்கத்துக்குப் பாரமே இல்லாததால் அது விடாமல் போகிறது. தோற்றவை திரும்பப் பிடிக்க வந்தாலும் ஒவ்வொன்றாக வருவதால் உடனே பிய்த்தெறியப்படுகின்றன. எப்போதாவது இரண்டு மூன்று சேர்ந்து பிடித்துவிட்டால் ஆட்டம் திரும்புகிறது. கட்டளையிட யாருமில்லாமலே சரக்கு போயிற்று, நின்றது, திரும்பியது.

அக்பர் அலி எட்டிப் பார்த்தார். “என்னங்க மேடம், இன்னிக்கு நேர்கோடு வரலியே?”

“வரலீங்கண்ணா” என்றாள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்தத் தாளைப் பார்த்ததும் தம்பிதுரை படலத்தின் பேச்சை விட்டார். ஆனால் ஒரு தாள் போதாது, ஒவ்வோர் எண்ணையும் மாற்றிப் பல நூறு ஓட்டங்கள் வேண்டும் என்றார். அந்த வருஷம் நவம்பரில் நகரத்தில் மதக்கலவரம் வந்தது. கடைக்கு இனி பாதுகாப்பில்லை என்று அக்பர் அலி இரண்டு மெஷின்களைக் குனியமுத்தூரில் தன் வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோய்விட்டார். பிப்ரவரியில் குண்டுகள் வெடித்தன. ஊரடங்கு, சோதனை, பூட்டிய கடைகள். மெர்சியின் ஓட்டங்கள் எல்லாம் அந்த மெஷினில் இருந்தன.

பஸ் ஓட ஆரம்பித்த முதல் வாரமே அவள் குனியமுத்தூரில் இறங்கினாள். கல்லூரியில் இரண்டுபேர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தச் சமயத்தில் அங்கே போகலாமா என்றார்கள். வேலை அங்கே இருக்கிறது என்றாள். அக்பர் அலியின் தெருவிலும் ஆட்கள் பார்த்தார்கள். அவரே தயங்கினார். “உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா என்னால பதில் சொல்ல முடியாதுங்க மேடம். பிளாப்பில காப்பி எடுத்துத் தந்தர்றனுங்க.”

“பிளாப்பியக் கொண்டுபோய் நான் எதுலீங்கண்ணா ஓட்டறது? உங்களுக்குச் சங்கடம்னா சொல்லுங்க, போயர்றேன்.”

அவர் உள்ளே போய் மனைவியிடம் பேசினார். திரும்பி வந்து மெஷின்மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தார். அந்த முன்னறையில் அவள் நாலு மாசம் உட்கார்ந்தாள்.

1998 செப்டம்பரில் தீசிஸ் ஐந்து அத்தியாயமாக எழுதி முடிந்தது. தட்டச்சுக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது வெளிநாட்டிலிருந்து ஒரு கனமான உறை வந்தது. நூலகத்தில் கிடைக்காத கட்டுரைகளுக்காக அவற்றை எழுதியவர்களுக்கே தபால் அட்டை எழுதி ஒரு பிரதி கேட்பது அவள் வழக்கம். ஒரு வருஷத்துக்கு முன் போட்ட அட்டைக்கு இப்போது பதில். முகவரி மாறியதால் தாமதம், மன்னிக்கவும் என்று ஒரு சீட்டும் இருந்தது.

கட்டுரை எட்டு வருஷப் பழசு. கணவாய் நரம்பில் கைனசினை மட்டும் தடுக்கும் மருந்தைச் செலுத்திச் செய்த சோதனை. நுனிப்பக்கம் போன சரக்கு நின்றது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நடுவைப் பார்த்து வந்த சரக்கும் சேர்ந்து நின்றுபோயிருந்தது.

மெர்சி அதை இரண்டுமுறை படித்தாள். அவளுடைய கணக்குப்படி ஒரு பக்கத்தை முடக்கினால் மறுபக்கம் தடையில்லாமல் ஓட வேண்டும். குனியமுத்தூருக்குப் போய் ஓட்டியும் பார்த்தாள். நிரலில் கைனசினை முடக்கியதும் சரக்கு நடுவைப் பார்த்துப் பாய்ந்தோடியது. கணவாய் நரம்பில் அப்படி நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் ஒரு கூடை வெங்காயம் உரித்தாள். பழனியாத்தாள் இத்தனை எதற்குக் கண்ணு என்று கேட்டபோதுதான் நிறுத்தினாள்.

தம்பிதுரை கட்டுரையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இத நீங்க எழுதோணும்னு யாரும் கேக்கலீங்க. எக்ஸாமினர் பிசிக்ஸ்காரரு. அவருக்கு இது தெரிஞ்சிருக்காது.”

“எனக்குத் தெரியுமுங்களே சார்.”

“எழுதினீங்கன்னா அஞ்சு அத்தியாயத்தையும் நீங்களே கீழ தள்ளுனாப்பல ஆயிருமுங்க. ஆறு மாசம் தள்ளிப்போகும். உங்க புரமோசனும் போகும்.”

“போகட்டுங்க.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். எதிரில் இன்னும் நின்றுகொண்டிருந்தவளிடம், “உக்காருங்க” என்றார். மூன்று வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. மெர்சி உட்கார்ந்தாள். கால நீட்டிப்பு விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆறாம் அத்தியாயம் பதினெட்டுப் பக்கம். எந்தச் சோதனையோடு தன் கணக்கு ஒத்துப்போகிறது, எதோடு ஒத்துப்போகவில்லை என்பதை அதில் பூசி மெழுகாமல் எழுதினாள். பதவி உயர்வு அவளுக்கு இரண்டு வருஷம் பின்னால் சேர்ந்த ஒருத்திக்குப் போயிற்று. அந்த வாரம் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள், மெர்சியும் ஒன்று எடுத்துக்கொண்டாள். அதைத் தின்னாமல் பைக்குள் போட்டுக்கொண்டதை அன்றைக்குத் தமிழ்வேந்தனிடம் மட்டும் சொன்னாள்.

1999 ஜூனில் வாய்மொழித் தேர்வு. வெளித்தேர்வாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். கடைசி வரிசையில் தமிழ்வேந்தனும் அக்பர் அலியும் துவைத்துத் தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். தேர்வாளர் நேராக ஆறாம் அத்தியாயத்தைப் புரட்டினார்.

“உங்கள் கணக்கு தவறு என்று நீங்களே நிரூபித்திருக்கிறீர்கள். பிறகு எதற்குப் பட்டம் கேட்கிறீர்கள்?”

மெர்சி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“பாதி தவறுங்க சார். சரக்கு திசை மாற வேண்டுமென்றால் கட்டளையிட ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். தேவையில்லை என்று ஐந்து அத்தியாயத்தில் காட்டியிருக்கிறேன். அது நிற்கிறது. இரண்டு வகை மோட்டாரும் ஒன்றையொன்று எதிர்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அதுதான் நிற்கவில்லை. ஒன்று வேலை செய்ய இன்னொன்று ஏதோ வகையில் தேவைப்படுகிறது. எந்த வகையில் என்று எனக்கு இன்னும் தெரியாது.”

“தெரியாதா?”

“தெரியாதுங்க சார்.”

தேர்வாளர் தம்பிதுரையைப் பார்த்து, நெறியாளர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்றார். தம்பிதுரை எழுந்து நின்றார். “அந்த அத்தியாயம் வேண்டாம்னு சொன்னவன் நான்தானுங்க. அவங்க கேக்கல. அவங்கதான் சரி. அத இந்த எடத்துல சொல்லோணுமுங்க.” சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகத் தேர்வாளர் அறிவித்தபோது அக்பர் அலிதான் முதலில் கைதட்டினார். வெளியே வந்ததும் தமிழ்வேந்தன், “முடிஞ்சுதா?” என்று கேட்டான்.

“பட்டம் முடிஞ்சுதுங்க.”

தீசிஸிலிருந்து அவள் எழுதி அனுப்பிய கட்டுரையை இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. மூன்றாவதாக உள்நாட்டில் ஒரு சிறிய பத்திரிகை, ஆறாம் அத்தியாயத்தையும் சுருக்கிச் சேர்க்கச் சொல்லி ஏற்றுக்கொண்டது. அதற்குள் அக்பர் அலி உக்கடத்துக் கடையைப் புது ஷட்டர் போட்டுத் திறந்திருந்தார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஒரு மதியம் மெர்சி அங்கே போய், இரண்டு வகை மோட்டாரும் ஒரே தண்டில் பொருந்தியிருந்தால் என்ன ஆகும் என்று புதிதாக ஒரு நிரலைத் தொடங்கினாள். முதல் ஓட்டத்தில் சரக்கு குழலைவிட்டே எங்கோ போய்விட்டது. எந்த வரியில் பிழை என்று தேடுவதற்குள் மூன்று மணி ஆகிவிட்டது, டைப்பிங் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.